ஓடத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிடுகிறது: என் எத்தர்களுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

அரைப்பக்கம்:

நகைச்சுவைக் குற்றக் கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டே எத்தர்கள். ஐம்பத்தெட்டு வயதுச் சித்தப்பா, இருபத்து நான்கு வயது அண்ணன் மகள். உடைக்கப்படப்போகும் பழைய கப்பல் ஒன்றின் தேக்கு மரம் முழுவதையும் ஒரு வயதான தச்சருக்கு விற்கிறார்கள். கப்பல் அவர்களுடையது அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு கம்பி நீட்டிவிடுகிறார்கள்.

இதுவரை எட்டு அத்தியாயங்கள். படித்த நண்பர்கள் சிரித்தார்கள். கப்பல் நிறுவன மேலாளராக நடிக்கும் சித்தப்பாவுக்குக் கப்பலின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாது. அந்த இடம் எனக்கே பிடிக்கும். ஒன்பதாம் அத்தியாயத்தில் இருவரும் ஓடத் தொடங்குகிறார்கள். அத்தோடு கதை படுத்துவிட்டது. ரயிலில் ஒரு துரத்தல், சந்தையில் ஒரு துரத்தல், படகில் ஒரு துரத்தல், பை மாறிப்போவது, பொய்த்தாடி. எழுதும்போதே கொட்டாவி வருகிறது. ஏமாற்றும்போது அவ்வளவு உயிரோடு இருந்தவர்கள் ஓடும்போது ஏன் வெறும் நான்கு கால்களாகிவிடுகிறார்கள்?

கோடாங்கி:

மூன்று துரத்தலையும் வெட்டி எறியுங்கள். ஓட்டம் கண்ணால் பார்க்க வேண்டியது. எழுத்தில் அது வெறும் வினைமுற்றுகளின் வரிசை: ஓடினான், தாவினான், விழுந்தான், எழுந்தான். வாசகருக்கு மூச்சு வாங்கும், சிரிப்பு வராது.

ஈஃபிள் கோபுரத்தைப் பழைய இரும்பாக விற்றவர் என்று பெயரெடுத்த விக்டர் லுஸ்டிக்கைப் பற்றி எல்லோரும் 1925 பாரிஸ் கதையைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது 1935. கள்ளநோட்டு வழக்கில் நியூயார்க்கில் அவரைக் காவலில் வைத்திருந்தார்கள். விசாரணைக்கு முதல் நாள், படுக்கை விரிப்புகளைக் கயிறாக முறுக்கிக்கொண்டு ஜன்னல் வழியாக இறங்கினார். கீழே தெருவில் ஆட்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். மனிதர் ஒரு துணியை எடுத்து ஜன்னல் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கொஞ்சம் இறங்கினார், அடுத்த கண்ணாடியைத் துடைத்தார். பார்த்தவர்களுக்கு அவர் கண்ணாடி துடைக்கும் ஆள். தரையில் கால் பட்ட பிறகுதான் ஓட்டம். 27 நாட்கள் கழித்துப் பிட்ஸ்பர்க்கில் பிடிபட்டார்.

தரையில் கால் பட்ட பிறகு அவர் எப்படி ஓடினார், எந்தத் தெருவில் திரும்பினார் என்று யாராவது கேட்கிறார்களா? துடைத்ததைத்தான் எண்பது தொண்ணூறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாம்சீட்டு:

ஓடுவதற்குக் கால் வேண்டும் என்பதே தப்புக் கணக்கு. இந்தியாவின் பேர்போன எத்தர் நட்வர்லால் கடைசியாகத் தப்பியது 1996ல். வயது 84, சக்கர நாற்காலி, கூடவே காவலர்கள். சிகிச்சைக்காக அழைத்துச் சென்ற வழியில், டெல்லி ரயில் நிலையத்தில் காணாமல் போனார். அதே ஆண்டில் தகனம் செய்துவிட்டோம் என்று குடும்பத் தரப்பு சொன்னது. 2009ல்தான் இறந்தார் என்று அவருடைய வழக்கறிஞர் சொன்னார். கடைசி மோசடியில் ஏமாந்தது எமனா, நீதிமன்றமா என்பதுதான் தெளிவாகவில்லை.

சுருக்கெழுத்தர்:

நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மோசடி வழக்குகளில் வாக்குமூலம் ஏராளமாக எழுதியிருக்கிறேன். தலைமறைவாக இருந்தவர்களின் பேச்சில் துரத்தல் என்பது அநேகமாக வரவே வராது. வருவதெல்லாம் காத்திருப்பு. அறைக்குள் படுத்துக்கொண்டு வாசல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பார்கள். பால் ஊற்றுகிறவர் தட்டினாலும் காவல்துறை என்று நினைப்பார்கள்.

அரைப்பக்கம், கோடாங்கி சொன்ன அதே லுஸ்டிக் கோபுரப் பணத்தோடு ஆஸ்திரியாவுக்குப் போய், தினமும் பிரெஞ்சுச் செய்தித்தாள்களை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பார்கள். செய்தி வரவேயில்லை. ஏமாந்த வியாபாரி வெட்கத்தால் வாயைத் திறக்கவில்லை. ஆக, துரத்த ஆளே இல்லாத ஒரு தலைமறைவு. அந்தத் துணிச்சலில் மறுபடி பாரிஸுக்குப் போய் அதே கோபுரத்தை இன்னொருவருக்கு விற்கப் பார்த்தார். இந்த முறை விஷயம் காவல்துறை வரை போனது, அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

உங்கள் சித்தப்பா தினமும் செய்தித்தாளைப் பிரித்துத் தன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று முதலில் நிம்மதி அடையட்டும். நான்காம் நாள் அவருக்கே கொஞ்சம் வருத்தம் வரட்டும்.

இன்னொன்று. ஏமாந்தவர் பேராசைக்காரராக இருந்தால்தான் வாசகர் கூச்சமின்றிச் சிரிப்பார். உங்கள் தச்சருக்குக் கொஞ்சம் பேராசை சேர்த்துவிடுங்கள். உலகத்திலும் அப்படித்தான், பேராசை இல்லாதவன் ஏமாறுவதில்லை.

மழைக்குருவி:

சுருக்கெழுத்தர் ஐயா, உங்கள் கடைசி வரியை ஏற்க மாட்டேன். "பேராசை இல்லாதவன் ஏமாறுவதில்லை" என்பது மோசடிக்காரர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட சமாதானம். அதை நாம் பழமொழிபோல் சொல்லிக்கொண்டு திரிகிறோம். என் தந்தை ஒரு நிதித் திட்டத்தில் பணத்தை இழந்தவர். அவருக்கு இருந்தது பேராசை அல்ல. வீட்டுக்கு வந்த ஆள் நல்ல சட்டை போட்டு, மரியாதையாகப் பேசினார். அப்படிப் பேசுகிறவரை முகத்துக்கு நேராகச் சந்தேகிப்பது பண்பில்லை என்று நினைத்தார், அவ்வளவுதான்.

கிரெகர் மெக்ரெகர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1820களில் மத்திய அமெரிக்காவில் பொயாய்ஸ் என்றொரு நாடு இருப்பதாகச் சொல்லி நிலம் விற்றார். இல்லாத நாட்டுக்குப் பண நோட்டும் அச்சடித்தார். இரண்டு கப்பல்களில் சுமார் 250 பேர் போனார்கள். கையில் இருந்த நல்ல பணத்தை அந்த நோட்டாக மாற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு. அவர்களில் ஒரு செருப்புத் தொழிலாளி. பொயாய்ஸ் இளவரசிக்குச் செருப்புத் தைக்கும் உத்தியோகம் உனக்கு என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஒருவருக்குத் தன் தொழிலில் கொஞ்சம் மதிப்பு வேண்டும் என்ற ஆசை பேராசையா? அங்கே இருந்தது வெறும் காடு. போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

எத்தர் கதைகளை நானும் படித்துச் சிரிக்கிறவள்தான், மறுக்கவில்லை. ஆனால் தச்சரைக் கெட்டவராக்கிவிட்டு அந்தச் சிரிப்பை மலிவாக வாங்காதீர்கள்.

கோடாங்கி:

மழைக்குருவி, அப்படிப் பார்த்தால் இந்த வகைக் கதையே எழுத முடியாதே?

மழைக்குருவி:

எழுதவே கூடாது என்று சொல்லவில்லை கோடாங்கி. தச்சர் எட்டாம் அத்தியாயத்தோடு காணாமல் போய்விடுகிறார், அதுதான் குறை. எத்தர்கள் ஓடியது இருக்கட்டும். எழுதுகிறவரும் சேர்ந்து ஓடிவிட்டார்.

நிழற்குடை:

மேலே நடக்கும் சண்டையில் நான் தலையிடப் போவதில்லை. அரைப்பக்கத்தின் கேள்விக்கு வருகிறேன்.

ஏமாற்றும்போது எத்தன் ஒரு வேடத்தை அரை மணி நேரம் போட்டுக்கொண்டால் போதும். ஓடும்போது அதே வேடத்தில் குடியிருக்க வேண்டும். அப்போது பொய் அவனிடம் வேலை வாங்க ஆரம்பிக்கிறது. எனக்குத் தெரிந்து பெரிய சிரிப்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

ஃபெர்டினாண்ட் டெமாரா என்றொரு அமெரிக்கர். இன்னொருவருடைய மருத்துவச் சான்றுகளை வைத்துக்கொண்டு கனடா கடற்படையில் மருத்துவராகச் சேர்ந்துவிட்டார். மறைந்து வாழ நல்ல இடம் என்று நினைத்திருப்பார். 1951ல் கொரியப் போர். அவர் இருந்த 'கயுகா' போர்க்கப்பலுக்குக் காயம்பட்டவர்களைக் கொண்டுவந்து கிடத்துகிறார்கள். கப்பலில் இருக்கும் ஒரே அறுவை மருத்துவர் இவர். பாடநூலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார், படித்தார், வெளியே வந்து அறுவை செய்தார். நோயாளிகள் பிழைத்துக்கொண்டார்கள். வேலை மோசமாக இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்பார். நன்றாகச் செய்ததால் செய்தித்தாளில் பாராட்டு வந்தது. அதை உண்மையான மருத்துவரின் தாய் படித்துவிட்டார். கடற்படை வழக்குகூடப் போடாமல் ஊருக்கு அனுப்பிவைத்தது.

இதற்கு நேர் எதிரான ஒருவர், வில்ஹெல்ம் ஃபோய்க்ட். சிறையில் பல ஆண்டுகள் கழித்த செருப்புத் தொழிலாளி. எங்கே தங்கினாலும் பழைய குற்றவாளி என்று காவல்துறை வெளியேற்றியது. பழைய பொருள் கடைகளில் துண்டு துண்டாக ஒரு கேப்டன் சீருடையைச் சேர்த்தார். 1906 அக்டோபர் 16 அன்று அதைப் போட்டுக்கொண்டு வழியில் போன சிப்பாய்களை நிறுத்தி, என்னோடு வாருங்கள் என்றார். வந்தார்கள். அப்போது பெர்லினுக்கு அருகில் தனி நகராக இருந்த கோப்பெனிக்கின் நகர மண்டபத்துக்குள் நுழைந்து மேயரைக் கைது செய்தார், கருவூலப் பணத்தை எடுத்துக்கொண்டார், அதற்கு ரசீதும் எழுதிக் கொடுத்தார். பத்து நாளில் பிடிபட்டார். நான்கு ஆண்டு தண்டனை. ஜெர்மானியப் பேரரசரே 1908ல் மன்னித்து விட்டுவிட்டார். பிறகு 'கோப்பெனிக் கேப்டன்' என்று கையெழுத்திட்ட படங்களை விற்றுப் பிழைத்தார். போலி கேப்டன் பதவி அவருக்குச் சோறு போட்டது. உண்மையான செருப்புத் தொழில் அந்த அளவுக்குப் போடவில்லை.

ஆகவே உங்கள் இருவரையும் ஓடவிடாதீர்கள். எங்காவது உட்கார வையுங்கள். அவர்கள் வாய்தவறிச் சொன்ன ஒரு தொழிலை உண்மையாகவே செய்ய வையுங்கள்.

மூன்றாம்சீட்டு:

அந்த ரசீதை மட்டும் என்னால் மறக்கவே முடிவதில்லை. திருடிய பணத்துக்கு ரசீது கொடுக்கும் ஒழுங்கு நேர்மையானவர்களிடமே அபூர்வம்.

அரைப்பக்கம்:

இரண்டு நாள் யோசித்தேன். மூன்று துரத்தலும் போய்விட்டன. (ரயில் துரத்தலில் மட்டும் ஒரு நல்ல வரி இருந்தது. எடுத்து வைத்திருக்கிறேன், எங்கேயாவது செருகிவிடுவேன்.)

புதிய ஒன்பதாம் அத்தியாயம் இப்படி: இருவரும் ஒரு சிற்றூருக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே ஒரு மணிக்கூண்டு. கடிகாரம் பல ஆண்டுகளாக ஓடவில்லை. "என்ன வேலையாக வந்தீர்கள்?" என்று ஒருவர் கேட்கிறார். சித்தப்பா அண்ணாந்து பார்த்தபடி இருந்ததால், "கடிகாரம் பழுது பார்க்க" என்று சொல்லிவிடுகிறார். தங்க இடமும் சாவியும் கொடுத்துவிடுகிறார்கள். கூண்டுக்குள் யாரும் வருவதில்லை, ஒளிய அருமையான இடம். ஆனால் ஊரே கீழே நின்று முள் எப்போது நகரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

சித்தப்பாவுக்குக் கடிகாரத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதை அடுத்தவர் கையிலிருந்து கழற்றும் விதம் மட்டும்தான். இங்கே கடிகார வேலை தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கோடாங்கி:

ஓடாத கடிகாரமும் ஓடி வந்த ஆட்களும். தலைப்பு தன்னாலேயே கிடைத்துவிட்டதே!

பற்சக்கரம்:

கோபுரக் கடிகாரங்களில் வேலை செய்திருக்கிறேன், சொல்கிறேன். கதைக்கு வேண்டிய அளவு மட்டும்.

அதை ஓட்டுவது எடைக்கல். கம்பியில் தொங்கும் கனமான எடை மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது, அந்த இழுவையில் சக்கரங்கள் சுழல்கின்றன. ஆனால் எடையை அதன் போக்கில் விட்டால் சில நொடிகளில் கீழே வந்து மோதிவிடும். அதனால் ஊசலோடு இணைந்த ஒரு கவ்வி இருக்கிறது. ஊசல் ஒரு பக்கம் ஆடும்போது சக்கரத்தின் ஒரு பல்லைப் பிடிக்கும், மறுபக்கம் ஆடும்போது விடும். நாம் கேட்கும் டிக் டிக் அந்தப் பிடிப்பின் ஓசைதான். பிடித்துப் பிடித்து விடுவதால்தான் கடிகாரம் ஓடுகிறது. பிடிப்பு இல்லாவிட்டால் அது வெறும் விழுதல். (உங்கள் முதல் மூன்று துரத்தல்களைப் படிக்காமலே அவற்றின் கோளாறு இதுதான் என்று ஊகிக்கிறேன்.)

நின்றுபோன கடிகாரங்களில் பெரும்பாலும் பெரிய கோளாறு இருக்காது. காய்ந்து கட்டியான எண்ணெய், தூசி, பறவைக் கூடு, சட்டம் சாய்ந்ததால் சமநிலை கெட்ட ஊசல். ஒன்றும் தெரியாதவர் பொறுமையாகத் துடைத்தாலே பாதி வேலை முடியும். லுஸ்டிக் கண்ணாடி துடைத்ததுபோல உங்கள் சித்தப்பாவும் சும்மா பாவனைக்காகத் துடைக்கத் தொடங்கட்டும். துடைக்கத் துடைக்க அது அசையத் தொடங்கட்டும். அவர் பயப்படுவார்.

ஒரு போனஸ் தருகிறேன். லண்டன் பிக் பென் கடிகாரத்தின் ஊசல்மேல் பழைய பென்னி நாணயங்களை அடுக்கி நேரத்தைச் சரிசெய்வார்கள். ஒரு நாணயத்தைக் கூட்டினால் ஒரு நாளைக்கு 0.4 வினாடி வேகம் கூடும். சித்தப்பா திருடிய பணத்திலிருந்து காசு எடுத்து ஊசல்மேல் வைக்க வேண்டி வரும். அவர் கையிலிருந்து இயந்திரத்துக்குக் காசு போவது வாழ்க்கையில் முதல் முறையாக இருக்கும்.

சுருக்கெழுத்தர்:

பற்சக்கரம் சொன்னதும் ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வந்தது. 1849ல் நியூயார்க்கில் வில்லியம் தாம்சன் என்பவர். தெருவில் நல்ல உடை அணிந்தவரிடம் பழகியவர்போல் பேச்சுக் கொடுத்து, "நாளை வரை உங்கள் கைக்கடியாரத்தை என்னிடம் கொடுக்கும் அளவுக்கு என்மேல் நம்பிக்கை இருக்கிறதா?" என்று நேராகவே கேட்பார். அந்தக் காலத்தில் சட்டைப்பைக் கடிகாரம்தான், கை தவறி எழுதிவிட்டேன். கொடுத்தார்கள். ஏமாந்த ஒருவர் பிறகு அவரைத் தெருவில் அடையாளம் கண்டு பிடித்துக் கொடுத்தார். ஆங்கிலத்தில் எத்தனைக் குறிக்க 'நம்பிக்கை மனிதன்' என்று பொருள்படும் சொல் பரவியது இவருடைய வழக்கிலிருந்துதான்.

மழைக்குருவியிடம் ஒரு வார்த்தை. அந்த வழக்கை மறுபடி நினைத்துப் பார்க்கும்போது, கடிகாரத்தைக் கொடுத்தவருக்கு அதில் ஒரு காசு லாபமும் இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லக் கூச்சப்பட்டார், அவ்வளவே. உங்கள் தந்தையைப் போல. என் வரியைத் திரும்பப் பெறுகிறேன் அம்மா.

மழைக்குருவி:

நன்றி ஐயா. அதை எதிர்பார்க்கவில்லை.

அரைப்பக்கம், தச்சருக்கு எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. பொயாய்ஸிலிருந்து உயிரோடு திரும்பியவர்களில் சிலர் மெக்ரெகர்மேல் குற்றமே இல்லை, மற்றவர்கள்தான் கெடுத்துவிட்டார்கள் என்று கையெழுத்திட்டு அறிக்கை கொடுத்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அதில் இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போதே நெஞ்சை அடைக்கிறது. என் தந்தையும் கடைசிவரை அந்த ஆளைத் திட்டியதில்லை. "அவருக்கு என்ன கஷ்டமோ" என்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

உங்கள் தச்சர் முன்பணம்தானே கொடுத்தார்? மீதிப் பாதி அவரிடம் இருக்கிறதே. அவர் எத்தர்களைத் துரத்தட்டும். பணத்தைத் திரும்பக் கேட்க அல்ல. தவணை தவறிவிட்டது என்று பதறிப்போய், மீதித் தொகையைக் கொடுப்பதற்காக.

நிழற்குடை:

எழுந்து நின்று கைதட்டுகிறேன்.

மூன்றாம்சீட்டு:

காவலரிடமிருந்து ஓடலாம், கடன்காரரிடமிருந்து ஓடலாம். பணம் கொடுக்க வருகிறவரிடமிருந்து ஒரு எத்தன் எப்படி ஓடுவான்? கால் வராதே!

கோடாங்கி:

ஆனால் ஓடித்தானே ஆக வேண்டும்? தச்சர் வாயைத் திறந்து "கப்பல் மேலாளர் ஐயா" என்று கூப்பிட்டால் ஊருக்கு முன்னால் கடிகாரக்காரர் வேடம் கலையும். வாங்கவும் முடியாது, விடவும் முடியாது. பற்சக்கரம் சொன்ன கவ்வி இதுதானோ?

அரைப்பக்கம்:

நேற்று இரவு முழுவதும் எழுதினேன். ஒரு துண்டு மட்டும் தருகிறேன், குறை சொல்லுங்கள்.

படிகளில் யாரோ ஏறி வரும் சத்தம். பத்துப் படிக்கு ஒருமுறை நின்று இளைப்பாறும் சத்தம்.

"காவல்துறை இவ்வளவு மெதுவாக ஏறாது," என்றாள் அண்ணன் மகள்.

"புதிய உத்தியாக இருக்கலாம்," என்றார் சித்தப்பா. எண்ணெய்க் கிண்ணத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஏன் அதை மறைத்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை. அந்த அறையில் அவர் திருடாத ஒரே பொருள் அதுதான்.

கதவைத் திறந்துகொண்டு தச்சர் வந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சு வர நேரமானது.

"ஐயா, மன்னிக்க வேண்டும். மூன்று வாரம் தாமதமாகிவிட்டது."

சித்தப்பா அண்ணன் மகளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, ஆகாயத்தைத் தவிர.

"உங்கள் அலுவலகத்துக்குப் போனேன். அப்படி ஒருவரே இல்லை என்றார்கள். நான் தவணை தவறியதால் உங்களை வேலையை விட்டே நீக்கிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன்." தச்சரின் குரல் கம்மியது. "இந்த வயதில் கடிகாரம் துடைக்கும் நிலைக்கு உங்களைக் கொண்டுவந்துவிட்டேனே."

துணிப்பையை முக்காலிமேல் வைத்தார். சித்தப்பாவின் கை தானாக நீண்டது. பாதியில் நின்றது. ஐம்பத்தெட்டு ஆண்டுகளில் அந்தக் கை பாதியில் நின்றது அதுவே முதல் தடவை. அவர் அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

தச்சர் அதைக் கவனிக்கவில்லை. கடிகாரத்தைத் தாங்கும் மரச்சட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"இதை யார் இப்படிப் பொருத்தியது?"

"நான்தான்," என்றார் சித்தப்பா. அவர் சொன்ன முதல் உண்மை.

"சாய்ந்திருக்கிறது ஐயா. ஊசல் எப்படி ஆடும்?" தச்சர் தோளிலிருந்த பையை இறக்கி உளியை எடுத்தார். "கொஞ்சம் நகருங்கள்."

பற்சக்கரம்:

சட்டம் சாய்ந்தால் ஊசல் ஆடாது. மிகச் சரி. ஆனால் பிரிக்கும் முன் எடைக்கல்லைக் கீழே இறக்கி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த அத்தியாயத்துக்கு மூவரில் ஒருவர் இருக்க மாட்டார்.

சுருக்கெழுத்தர்:

"வேலையை விட்டே நீக்கிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன்" என்ற இடத்தில் சிரித்தேன். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. இனி செய்தித்தாள் காட்சி தேவையில்லை, என் யோசனையை எடுத்துவிடுங்கள்.

மழைக்குருவி:

இரண்டு முறை படித்தேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். சட்டம் சரியாகிக் கடிகாரம் ஓடும்வரை அந்தப் பை முக்காலியிலேயே இருக்கட்டும். அத்தியாயம் எத்தனை ஆனாலும் சரி, யாரும் அதைத் தொடக் கூடாது.

அரைப்பக்கம்:

யாரும் தொடவில்லை. அண்ணன் மகள் மட்டும் இரண்டு தடவை தூசி தட்டினாள். துடைக்கும்போது பையின் எடையைப் பார்த்துக்கொண்டாளா என்று என்னைக் கேட்காதீர்கள்.